கேப்டன் டிரெக் பாலத்தைக் கடந்த வரலாறு

புத்தொளி இன்டராக்டிவ் நிறுவனத்தில் காலை ஒன்பதே முக்காலுக்கு எல்லாரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் தாங்கள் முதன்முதலில் வீடியோ கேம் ஆடிய நாளை நினைக்க வேண்டும். வருகைப் பதிவு அதற்குப் பிறகுதான். நினைக்காதவர்களுக்கு அரை நாள் விடுப்பு வெட்டப்படும்.

தங்கவேல் சேர்ந்த முதல் நாளே அவனுக்கு அரை நாள் வெட்டப்பட்டது. என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கு அவன் உண்மையைச் சொல்லியிருந்தான். காலையில் மேனாம்பேட்டில் தண்ணீர் லாரி வந்ததா இல்லையா என்று நினைத்திருந்தான்.

மறுநாள் மனிதவளத் துறை ஆக்னஸ் அவனை அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார். மேலே ‘ஊழியருக்கு ஒதுக்கப்பட்ட நினைவு’ என்று அச்சிட்டிருந்தது. கீழே: ‘1999. கோடை விடுமுறை. மாமா வீடு. மாமா பையன் கன்ட்ரோலரைத் தர மறுக்கிறான். மின்வெட்டு.’

“எனக்கு மாமாவே இல்லீங்க மேடம்,” என்றான் தங்கவேல்.

“பரவாயில்ல. மூணு மாசத்துல பழகிடும்,” என்றார் ஆக்னஸ். “கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க.”

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒருகாலத்தில் குக்கர் கைப்பிடி செய்த ஷெட்டில் இந்த நிறுவனம் இயங்கியது. பழைய அடிதடி கேம்களை எடுத்து, புதிய கன்சோல்களில் ஓடும்படி படத்தையும் சத்தத்தையும் புதுப்பித்து விற்பது அதன் தொழில். இதற்கு ரீமாஸ்டர் என்று பெயர். பழையது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் நன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் சம்பளம் வாங்கினார்கள்.

தங்கவேல் தவறான வழியாக உள்ளே வந்தவன். திருமழிசையில் ஒரு யூனிட்டில் பன்னிரண்டு வருடம் புஷ் சோதித்தவன். புஷ் என்பது நடுவில் துளையுள்ள இரும்பு உருளை. சோதிக்கும் கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக் கூடாது. அதுவும் போனால் நிராகரிப்பு, சிவப்புச் சீட்டு. அந்த யூனிட் மூடப்பட்டு ஏழு மாதம் வீட்டில் இருந்தபோது ‘தரப் பரிசோதகர் தேவை, கூரிய கண் அவசியம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தான். இங்கே என்ன பொருள் செய்கிறார்கள் என்று நேர்முகத்தில் அவன் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

இயக்குநர் தட்சிணாமூர்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கேம் ஆடியிருக்கீங்களா?”

“இல்லீங்க சார்.”

“அற்புதம்,” என்று அவர் மேசையைத் தட்டினார். “கறைபடாத கண்!”

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிவதற்குள், தனக்குக் கொடுக்கப்படும் கேமை முதலிலிருந்து கடைசி வரை ஆடிச் சோதித்து, ‘முடிவுச் சான்று’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நிரந்தர வேலை. போடாவிட்டால் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவன் மனைவி சாமுண்டீஸ்வரி பட்டரவாக்கத்தில் ஒரு பேக்கிங் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரந்தரக் கடிதம் வந்த மறுநாள் நைட் ஷிப்டை விடுவதாக முடிவு. அவள் கால்கள் அந்தத் தேதியைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தன.

அவனுக்குக் கொடுக்கப்பட்ட கேமின் பெயர் ‘கேப்டன் டிரெக்’. டிரெக் என்ற தாடிக்காரன் தன் தங்கையைக் கடத்திக் கோபுரத்தில் அடைத்தவர்களைத் தேடிப் போகிறான். ஒன்பது கட்டங்கள். வழியில் நானூறு பேரை வெட்டுகிறான். எட்டாம் கட்டத்தில் ஒரு தொங்குபாலம். ஒன்பதாம் கட்டத்தில் கோபுரம்.

இந்தக் கேமை முதலில் செய்த வெளிநாட்டுக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உரிமையை வாங்கிய இன்னொரு கம்பெனியிடம் உரிமைப் பத்திரம் மட்டுமே இருந்தது, கேம் இல்லை. உங்களிடம் அசல் சிடி இருக்கிறதா என்று கேட்டார்கள். தட்சிணாமூர்த்தி தன் கல்லூரிக் காலத்து சிடியை ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்து எடுத்துவந்தார். ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் அழுதார்கள். அந்த ஒரு சிடியிலிருந்துதான் எல்லாம் மறுபடியும் கட்டப்பட்டது.

தங்கவேல் கண்டுபிடித்த முதல் குறை, மூன்றாம் கட்டத்தில் டிரெக்கின் இடது கால் தரைக்குள் புதைவது. சிவப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தான். அன்று மாலை அசல்தன்மைக் காப்புக் குழு அவசரமாகக் கூடியது.

“இடது கால் புதையறது பாரம்பரியப் பிழை,” என்றான் குழுவின் தலைவன் அபிஷேக். இருபத்தொன்பது வயது. விசிட்டிங் கார்டில் ‘நினைவுத் துறைத் தலைவர்’ என்று இருந்தது. “அதைத் தொட்டா ரசிகர்கள் நம்மள கொன்னுடுவாங்க.”

“அப்ப வலது கால், சார்? அதுவும் அஞ்சாம் கட்டத்துல பொதையுது.”

பழைய சிடியைப் போட்டுப் பார்த்தார்கள். வலது கால் புதையவில்லை.

“அது புதுப் பிழை. அசிங்கம். உடனே சரிபண்ணணும்,” என்றான் அபிஷேக். பிறகு, யோசித்து, “இடது கால் பழைய டிவியில நாலு புள்ளி புதைஞ்சுது. இப்ப ஃபோர்-கேல அதே உணர்வு வரணும்னா இருபத்துநாலு புள்ளி புதையணும். முட்டி வரைக்கும் போகட்டும்,” என்றான்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தங்கவேல் பதிவேட்டில் எழுதினான்: ‘இடது கால்: சரி. புதைகிறது.’

அடுத்து, தொடக்கத் திரை. கேம் தொடங்கியதும் ஒரு ரோஜாப்பூ தெரியும். கீழே ஆங்கிலத்தில் ‘ராணி சிடி, எம்.பேடு, சிஎச்-53’ என்றும் ஓர் ஏழு இலக்க எண்ணும் இருக்கும். ஓவியத் துறையின் பவ்யா அந்த ரோஜாவை மூன்று மாதம் வரைந்தாள். ஒவ்வோர் இதழிலும் பனித்துளி. ஒவ்வொரு துளியிலும் தலைகீழாகக் கோபுரம். ராணி என்பது எதிரி நாட்டு அரசி என்றும், எம்.பேடு அவளுடைய ரகசியக் கோட்டை என்றும், ஏழு இலக்கம் கோட்டைக் கதவின் சங்கேத எண் என்றும் அபிஷேக் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தான். அவனும் பவ்யாவும் மற்றவர்களும் கண்ணாடி கறுத்த கம்பெனி வேனில் வேறு எங்கிருந்தோ வந்து இறங்கி, மாலையில் அதே வேனில் ஏறிப் போகிறவர்கள்.

தங்கவேலுக்கு அது மேனாம்பேட்டுக் கடை என்று முதல் நாளே தெரிந்தது. அவன் வீட்டிலிருந்து நான்கு தெரு. செய்த பொருளில் செய்தவன் பேர் போடுவது திருமழிசையிலும் வழக்கம்தான் என்பதால், அதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஐந்தாம் மாதம் அவன் பாலத்துக்கு வந்தான். டிரெக் பாலத்தில் ஏறினான். நடுவரை ஓடினான். நின்றான். காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கவேல் எல்லாப் பொத்தான்களையும் அமுக்கினான். டிரெக் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

மறுபடி ஆடினான். அதே இடம். நாற்பத்தொரு நாளில் முன்னூற்றுப் பதினாறு முறை டிரெக்கை அந்தப் பாலத்தில் ஏற்றினான். வீட்டில் சாப்பிடும்போதும் அவன் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

“இன்னாயா, சோத்த பெசையாம தட்ட தட்டிக்கினு கீற?” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“பாலம் வரமாட்டேங்குது சாமு.”

“கார்ப்பரேசன்ல சொல்லு.”

தகுதிகாண் காலம் முடிய ஒரு நாள் இருந்தது. வியாழக்கிழமை. தங்கவேல் காப்புக் குழுவின் முன் போய் நின்றான்.

“சார், கேமு பாலத்து நடுவுல நின்னுடுது. அந்தாண்ட போகல.”

தட்சிணாமூர்த்தி புன்னகைத்தார். “அது கேம்ல இருக்கிற குறை இல்ல தங்கவேல், உங்க விரல்ல இருக்கிற குறை. கேப்டன் டிரெக் மாதிரி ஒரு முடிவு உலகத்துல எந்தக் கேமுக்கும் கிடையாது. ஹாஸ்டல்ல உட்கார்ந்து நான் பார்த்தேன். பாலத்தைத் தாண்டினதும் மழை வரும். தங்கச்சியைத் தோள்ல தூக்கிட்டு நடப்பான். பின்னாடி கோபுரம் சரியும். இந்தக் கம்பெனியே அந்த மழையில பொறந்ததுதான்.”

“பனி சார்,” என்றான் அபிஷேக் மெதுவாக. “மழை இல்ல, பனி. ஹெலிகாப்டர் வரும். டிரெக் ஏறமாட்டான்.”

பவ்யா இருவரையும் பார்த்தாள். “தங்கச்சிதானே வில்லி? அவதானே அவனைச் சுடுவா? எனக்கு ரெண்டு நாள் காய்ச்சலே வந்துச்சு.”

தட்சிணாமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். “மூணுமே சரி. நல்ல கலைன்னா அப்படித்தான்.”

“அப்டின்னா சார்,” என்றான் தங்கவேல், “யாராச்சும் ஒருவாட்டி ஆடிக் காட்டினீங்கன்னா, எப்டி தாண்டுறதுன்னு நான் பாத்துக்குவேன்.”

அவன் கன்ட்ரோலரை மேசை நடுவில் வைத்தான். மூவரும் அதைப் பார்த்தார்கள். ஏசி ஓடும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் பீப் ஒலி நின்ற பிறகும் யாரும் கையை நீட்டவில்லை.

“எனக்கு மணிக்கட்டு வலி. ரெண்டாயிரத்து ஒம்போதுலேர்ந்து,” என்றார் தட்சிணாமூர்த்தி.

“நான் இப்ப கோட்பாட்டுப் பக்கம்தான்,” என்றான் அபிஷேக்.

“என் அண்ணன்தான் ஆடுவான். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன்,” என்றாள் பவ்யா. “பார்ப்பேன்னா… அவன் வந்து சொல்லுவான். அவனுக்கு அவன் ஃப்ரெண்ட் சொன்னது.”

தட்சிணாமூர்த்தி கன்ட்ரோலரைத் தங்கவேல் பக்கம் தள்ளினார். “நாளைக்கு அஞ்சு மணி. முடிவுச் சான்று. இல்லேன்னா ஆக்னஸைப் பாருங்க.”

மாலையில் தங்கவேல் தன் இடத்தில் உட்கார்ந்து தொடக்கத் திரையின் ரோஜாவை வெகுநேரம் பார்த்தான். திருமழிசையில் ஒரு பொருள் விளங்கவில்லை என்றால் செய்தவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சென்னையின் பழைய ஏழு இலக்க எண்களுக்கு முன்னால் இப்போது போடும் இரண்டைச் சேர்த்து போன் செய்தான். மணி அடித்தது.

“ராணி ஜெராக்ஸ்,” என்றது ஒரு பெண்குரல்.

அரை மணி நேரத்தில் அவன் அங்கே இருந்தான். ராணிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆதார் அட்டை ஒன்றை நகலெடுத்தபடியே அவன் சொன்னதைக் கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்தினாள். சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“நைனா, அது ரெண்டு சிடி கேமு. ரெண்டு சிடிக்குக் காசு போட்டு எவன் வாங்குவான்? ஒண்ணுலயே அடக்கணும்னு காப்பி போடறப்ப வால வெட்டிட்டேன். பாலத்து பாதியோட சிடி ரொம்பிடுச்சு.”

“யாரும் வந்து கேக்கலியா?”

“ஆயிரம் சிடி வித்திருப்பேன். ஒருத்தன் திரும்பி வர்ல. தனக்குத்தான் ஆடத் தெர்லன்னு நென்ச்சிக்கினு பாலத்துலயே நின்னுட்டானுங்கோ. வெளிய சொல்றதுக்கு வெக்கம். எவனையாச்சும் கேளு, முட்சிட்டேன்னுதான் சொல்லுவான்.”

“ரெண்டாவது சிடி இன்னும் வச்சிக்கினு கீறியாக்கா?”

ராணி மேலே கை காட்டினாள். மொட்டை மாடியில் துணிக்கொடியில் நூல் கட்டி ஆறு சிடிகள் தொங்கின. புறாக்கள் வராமல் இருக்க. மூன்றாவது சிடியில் வெளிறிய எழுத்தில் ‘கேப்டன் டிரெக் 2’ என்று இருந்தது.

“எட்துக்கோ. ஆனா அந்த எடத்துல பளபளன்னு எதுனா மாட்டிட்டுப் போ. இல்லாங்காட்டி காயப்போட்ட மொளகாய புறாங்க தின்னுட்டுப் பூடும்.”

தங்கவேலின் பையில் ரீமாஸ்டரின் சோதனைச் சிடி ஒன்று இருந்தது. அதைக் கட்டினான். கடைசி வெயில் பட்டதும் மாடி முழுக்க ஒளி ஓடியது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த புறாக்களும் எழுந்து பறந்தன.

“உங்கள்து நல்லா வேல செய்து,” என்றாள் ராணி.

வெள்ளிக்கிழமை காலை தங்கவேல் சிடியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவித் துடைத்தான். அலுவலகத்து அருங்காட்சியக அலமாரியில் இருந்த பழைய கன்சோல் அதைப் படிக்கவில்லை. கன்சோலைக் கவிழ்த்து வைத்தான்; படித்தது. கேம் நேராகப் பாலத்தின் பாதியில் தொடங்கியது.

டிரெக் தூக்கிய காலைக் கீழே வைத்தான். ஓடினான். தங்கவேலின் விரல்களுக்கு அந்தப் பாலம் தெரியும். மீதிப் பாதியின் பலகைகளும் அதே மாதிரிதான் இருந்தன. பத்து நிமிடத்தில் டிரெக் மறுகரையில் நின்றான். தங்கவேல் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தான். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் யாருமே வராத இடம். புல் இருந்தது. ஒரு மரம் இருந்தது. டிரெக் மூச்சு வாங்கினான்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் காப்புக் குழு பெரிய திரையின் முன் கூடியது. தங்கவேல் ஒன்பதாம் கட்டத்தை ஆடினான். கோபுரத்தில் ஏறினான். உச்சி அறையின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஜன்னலில் படுக்கை விரிப்புகளை முடிந்து செய்த கயிறு வெளியே தொங்கியது. மேசையில் ஒரு கடிதம். ‘காவலர்கள் தூங்கிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போகிறேன். நீ வந்தால் கதவைச் சாத்திவிட்டு வா.’ கீழே கையொப்பம். டிரெக் கடிதத்தைப் படித்தான். கதவைச் சாத்தினான். அவ்வளவுதான். மொத்தம் பதினொரு விநாடி.

“இது போலி,” என்றான் அபிஷேக்.

“மழையே இல்லையே,” என்றார் தட்சிணாமூர்த்தி.

“சார், இந்த சிடி மேலயே ரெண்டுன்னு போட்டு கீது. வெட்னவங்களே சொல்றாங்க—”

“தங்கவேல்.” தட்சிணாமூர்த்தி எழுந்து நின்றார். “ஒரு தலைமுறையே அந்த மழையை நினைச்சு வளர்ந்திருக்கு. திடீர்னு ஒருத்தர் மொட்டை மாடியிலேர்ந்து ஒரு சிடியைக் கழட்டிட்டு வந்து, அந்தப் பொண்ணு அப்பவே வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னா? நம்ம நினைவுக்குப் பொருந்தாத அசல், அசலே இல்ல. அசலை அசல்கிட்டேயிருந்தே காப்பாத்தறதுக்குத்தான் இந்தக் குழு இருக்கு.”

கை தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. மழை, பனி, ஹெலிகாப்டர், துப்பாக்கிச் சூடு, கோபுரச் சரிவு எல்லாவற்றையும் சேர்த்து இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு முடிவு புதிதாகச் செய்வது. அதற்கு ‘மீட்டெடுக்கப்பட்ட முடிவு’ என்று பெயரிடுவது. இரண்டாவது சிடியை முறைப்படி நிராகரிப்பது. நிராகரிப்புச் சீட்டில், தொழிற்சாலை அனுபவம் உள்ள ஒரே பரிசோதகர் என்ற முறையில், தங்கவேல் கையெழுத்திடுவது. அதையே முடிவுச் சான்றாக ஏற்றுக்கொள்வது.

நான்கே முக்காலுக்கு ஆக்னஸின் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சிவப்பு. மற்றது நிரந்தரப் பணிக் கடிதம். முத்திரை மட்டும் குத்த வேண்டும். தட்சிணாமூர்த்தி பேனாவைத் திறந்து நீட்டினார்.

“சார்,” என்றான் தங்கவேல், “திருமழிசைல ஒருவாட்டி நாலாயிரம் புஷ்ஷு அளவு டிராயிங்கோட ஒத்துவர்ல. அளந்து பாத்தா பொருள் சரி. டிராயிங்தான் தப்பு. போய்ச் சொன்னேன். டிராயிங்க மாத்துனாங்க. நல்ல பொருளுக்கு இன்னி வரிக்கும் நான் செவப்புச் சீட்டு போட்டதில்ல.”

“இங்க டிராயிங்கே நாங்கதான் தங்கவேல்,” என்று தட்சிணாமூர்த்தி அன்பாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆக்னஸ் முத்திரையை மையில் ஒற்றியபடி காத்திருந்தார். தங்கவேல் சிவப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் போனது.

“எனக்கும் ஒரு நினைவு குடுத்தாங்க,” என்றார் ஆக்னஸ், தலைநிமிராமல். “ஊட்டி. கான்வென்ட் ஹாஸ்டல். நான் ஆவடி தாண்டிப் போனதில்ல. இப்ப ஊட்டின்னு யாராச்சும் சொன்னா எனக்குக் குளிருது.”

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. அந்நேரம் வீட்டில் சாமுண்டீஸ்வரி ஷிப்டுக்குக் கிளம்பக் காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருப்பாள். தங்கவேல் காரணம் என்ற கட்டத்தில் ‘டிராயிங்கிற்குப் பொருந்தவில்லை’ என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். அவன் எழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்று கோணியிருந்தது. முத்திரை விழுந்தது.

கேம் ஐந்து மாதம் கழித்து வெளியானது. நன்றாக விற்றது.

அதன்பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாமுண்டீஸ்வரி கால்களை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைட் ஷிப்டை விட்டதிலிருந்து வீக்கம் குறைந்திருந்தது.

“யோவ், உன் கேமு பத்தி எழ்தி கீறானுங்க பாரு.” அவள் படித்தாள். “‘மீட்டெடுக்கப்பட்ட முடிவைப் பார்த்து அழுதுவிட்டேன். நான் சின்ன வயசில் பார்த்தது அப்படியே இருக்கிறது. ஒரு காட்சிகூட மாறவில்லை.’ பூந்தமல்லியாம் இவுரு. இன்னொருத்தரு கொரட்டூரு. ‘ஹெலிகாப்டர் வந்ததும் எனக்கு எங்க பழைய வீட்டு வாசனை வந்தது’ன்றாரு. ஆயிரத்து எண்ணூறு பேரு ஆமாம் போட்டு கீறாங்கோ.”

அவள் போனைக் கீழே வைத்தாள்.

“நெசமாலுமே அப்டித்தான் முடியுமா?”

“இல்ல,” என்றான். பிறகு, முதல்முறையாக, பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று சொன்னான். புல்லைச் சொன்னான். மரத்தைச் சொன்னான். திறந்து கிடந்த கதவைச் சொன்னான். முடிச்சுப் போட்ட படுக்கை விரிப்பையும் கடிதத்தையும் சொன்னான்.

சாமுண்டீஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

“அத்தினி பேர வெட்டிக்கினு வந்தவன் பேரு டிரெக்கு. அது ஊருக்கே தெரியுது. அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

தங்கவேல் அவளைப் பார்த்தான். கம்பெனிக் கோப்புகளில் அந்தப் பெண்ணின் பெயர் ‘தங்கை-01, கை கட்டியது’. குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் தங்கை, தங்கை என்று இருந்தது. பதினொரு மாதத்தில், அத்தனை கூட்டங்களில், யாரும் இதைக் கேட்கவில்லை. கடிதத்தின் அடியில் மட்டும், சிறிய எழுத்தில், அது இருந்தது.

“நோரா,” என்றான்.

சாமுண்டீஸ்வரி அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“நல்ல பேராத்தான் கீது,” என்றாள்.